காலிப் பாட்டிலுக்கும் விலையுண்டு

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளை நாம் யாவரும் அறிவோம். தேக்குத் தூண், பீங்கான் சாடி, இரும்புப் பெட்டி, இனாமல் தூக்குச் சட்டி என்று நம் பகுதியின் பழைய வீடுகளிலிருந்து வந்த பொருள்கள் அங்கே விலைக்கு நிற்கும். சென்ற கோடை விடுமுறையில் என் ஐயாவுடன் அந்தத் தெருவழியே நடந்து சென்றேன். ஒரு கடை வாசலில் பச்சை நிறக் கோலி சோடாப் பாட்டில் ஒன்று இருந்தது. ஐயா அதைக் கையில் எடுத்து, உள்ளே கிடந்த கோலியை ஆட்டிப் பார்த்தார். விலையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் பெட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் சோடாவுக்குத்தான் விலை. பாட்டிலை யாருக்கும் விற்க மாட்டோம். அது சோடாக் கம்பெனிக்காரர் சொத்து. எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுக்க வேண்டும்" என்றார்.

அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. பொங்கல் விடுமுறையில் நாங்கள் எங்கள் கிராமத்துக்குச் சென்றிருந்தபோது, என் தம்பி கண்மாய்க் கரையில் செருப்பில்லாமல் ஓடினான். யாரோ குடித்துவிட்டு எறிந்த பாட்டில் உடைந்து மண்ணில் புதைந்து கிடந்திருக்கிறது. அவன் பாதத்தில் ஐந்து தையல் போட வேண்டியதாயிற்று. மாட்டுப் பொங்கலன்று வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. "எங்கள் காலத்தில் கண்மாயில் முள்தான் குத்தும்" என்று அப்பத்தா சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

ஐயா காலத்தில் பாட்டில் ஏன் கரையில் கிடக்கவில்லை? இன்று ஏன் கிடக்கிறது? அந்தக் காலத்து மக்கள் எல்லாரும் நல்லவர்கள், இந்தக் காலத்து மக்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் கட்டுரை இத்துடன் முடிந்துவிடும். ஆனால் அது உண்மையன்று என்பதை நம் பள்ளியிலேயே நான் கண்டேன்.

நம் பள்ளியில் நடந்தது

விளையாட்டு விழாவன்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கோலி சோடாக் கடை ஒன்று வைத்தோம். ஒரு பெட்டிக்கு 24 வீதம் ஆறு பெட்டிகள், ஆக 144 பாட்டில்கள். பன்னீர் சோடாவும் எலுமிச்சை சோடாவும் உச்சி வெயிலுக்குள் தீர்ந்துவிட்டன. "குடித்து முடித்தவுடன் பாட்டிலைத் தயவு செய்து இங்கே வைக்கவும்" என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தோம். ஒலிபெருக்கியிலும் இருமுறை அறிவித்தோம். மாலையில் எண்ணியபோது 119 பாட்டில்கள்தாம் இருந்தன. மறுநாள் காலை வேப்பமரத்தடியிலும் சைக்கிள் நிறுத்துமிடத்திலும் தேடி 14 பாட்டில்களை எடுத்தோம். நான்கு உடைந்து கிடந்தன. ஏழு போன இடம் தெரியவில்லை. பதினொரு பாட்டில்களின் நட்டமும் சோடாக் கடைக்காரருக்கு.

பெற்றோர் விழாவுக்கு அதே கடையை மீண்டும் போட்டோம். இம்முறை எங்கள் சிஸ்டர் ஒரு யோசனை சொன்னார்கள். சோடா 15 ரூபாய், பாட்டிலுக்கு டெபாசிட் 10 ரூபாய், ஆக 25 ரூபாய் வாங்க வேண்டும். காலிப் பாட்டிலைக் கொண்டு வந்தால் 10 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும். அறிவிப்புப் பலகை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. மாலையில் எண்ணினோம். 144-க்கு 142 பாட்டில்கள் வந்திருந்தன. வந்தவர்கள் பெரும்பாலும் அதே பெற்றோர், அதே பிள்ளைகள். மாறியது மனிதர்கள் அல்லர், முறைதான்.

தொல்லைகளும் இல்லாமலில்லை. சில்லறை தீர்ந்து போய் வரிசை நீண்டுவிட்டது. மூன்றாம் வகுப்புச் சிறுமியர் சிலர் விருந்தினர் குடித்து முடிக்கும்முன்பே, "ஆன்ட்டி, பாட்டிலைத் தாருங்கள்" என்று சுற்றி நின்றுகொண்டார்கள். முடிவில் திரும்பி வராத இரண்டு பாட்டில்களுக்குரிய 20 ரூபாய் எங்கள் கையில் நின்றது. "இந்தக் காசு யாருடையது?" என்று சிஸ்டர் கேட்டார்கள். ஒருவருக்கும் உடனே விடை சொல்லத் தெரியவில்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

காசு போய் வரும் வழி

கோலி சோடாப் பாட்டிலை 1872-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்று உலகுக்குத் தந்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலியும் வாயில் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். பாட்டிலைத் தலைகீழாக வைத்துச் சோடாவை நிரப்புவார்கள். நிமிர்த்தும்போது உள்ளிருக்கும் வாயு கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டுமாதலால் கண்ணாடி தடிமனாக இருக்கும். செய்யும் செலவும் அதிகம். உள்ளே இருக்கும் சோடாவைவிடப் பாட்டிலின் விலை கூடுதல். அதனால்தான் சோடாக் கம்பெனிக்காரர் தம் பாட்டிலைத் திரும்பப் பெறுவதில் கண்ணாக இருந்தார்.

டெபாசிட் முறையின் கணக்கு மிகவும் எளிது. கம்பெனிக்காரர் 24 பாட்டில்கள் கொண்ட பெட்டியைக் கடையில் இறக்கும்போது, பாட்டிலுக்கு 10 ரூபாய் வீதம் 240 ரூபாயைக் கடைக்காரரிடம் வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அந்த 10 ரூபாயை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் வாங்குகிறார். பாட்டில் திரும்பி வரும்போது 10 ரூபாயைக் கொடுக்கிறார். காலிப் பெட்டியைக் கம்பெனி வண்டியில் ஏற்றும்போது அவருக்கு 240 ரூபாய் திரும்பக் கிடைக்கிறது. பாட்டில் ஒரு திசையில் போகிறது, காசு எதிர்த் திசையில் வருகிறது. முறையாக நடந்தால் ஒருவருக்கும் இலாபமில்லை, நட்டமுமில்லை. பாட்டிலைத் தூக்கி எறிந்தவர் ஒருவருக்கே நட்டம்.

பிளாஸ்டிக் பாட்டில் வந்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. எங்கோ தொலைவிலுள்ள ஆலையிலிருந்து லாரியில் வரும் பாட்டிலைத் திரும்ப எடுத்துச் செல்ல எந்த வண்டியும் வருவதில்லை. பாட்டில் மலிவு, அதைத் திரும்பப் பெறுவதால் விற்றவருக்கு ஆதாயமில்லை. அது கிடக்கும் இடமோ நம் கண்மாய். செலவு நம் தலையில். அறுந்த சங்கிலியை மீண்டும் இணைப்பதற்குச் சட்டம் வேண்டும் என்று பல நாடுகள் கண்டுகொண்டன.

நீலகிரி காட்டிய வழி

அப்படி ஒரு முயற்சி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. நீலகிரிக்கு வரும் பயணிகள் சிலர் மதுப் பாட்டில்களைக் காட்டிலும் புல்வெளியிலும் எறிந்து வந்தார்கள். யானையின் உள்ளங்கால் பார்ப்பதற்குப் பாறை போலிருந்தாலும் மெத்தென்றது. உடைந்த கண்ணாடி அதில் ஏறினால் புண் சீழ் பிடிக்கும். நடக்க முடியாத யானை இரை தேட முடியாது. அது உயிருக்கே ஆபத்தாகும். காடுகள் பற்றிய வழக்குகளை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம் இதில் தலையிட்டது. அதன்படி 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் முதல் நீலகிரி மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திரும்பத் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கும் முறை தொடங்கியது. பின்னர் கோயம்புத்தூர், பெரம்பலூர் முதலிய மாவட்டங்களுக்கும் அது பரவியது.

கன்னியர் மடத்துப் பள்ளியின் ஆண்டு மலரில் ஒரு மாணவி மதுப் பாட்டிலைப் பற்றி எழுதலாமா என்று நானும் தயங்கினேன். இந்தத் திட்டம் மதுவின் தீமையில் ஒரு சொட்டையும் குறைக்காது. அது வேறு போராட்டம். ஆனால் மண்ணில் கிடக்கும் கண்ணாடித் துண்டு, எந்தப் பாவமும் அறியாத பிள்ளையின் காலையும் கிழிக்கும். ஆகவே இதைத் தெரிந்துகொள்வது நமக்கும் தேவை.

இதில் ஒரு வசதியையும் நாம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம். விற்பவரும் ஒருவரே, திரும்ப வாங்குபவரும் ஒருவரே, கணக்கு குழம்பாது. சோடா, கலர், தண்ணீர்ப் பாட்டில் ஆகியவை அப்படியல்ல. செய்வோர் பலர், விற்கும் பெட்டிக்கடைகளோ எண்ணிலடங்கா. அங்கே ஒரு பொது அமைப்பு நடுவில் இருந்து டெபாசிட் பணத்தை உற்பத்தியாளரிடம் வாங்கி, பாட்டிலைத் திரும்பப் பெற்ற கடைகளுக்குக் கொடுக்க வேண்டும். நார்வே நாட்டில் இன்ஃபினிட்டம் என்ற அமைப்பு இதைச் செய்கிறது. நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டு கேதார்நாத் யாத்திரைத் தலத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களில் கியூ.ஆர். குறியீடு ஒட்டி, 10 ரூபாய் டெபாசிட் வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள்.

நல்ல திட்டத்துக்கு ஐந்து தூண்கள்

டெபாசிட் என்ற பெயர் இருந்தால் மட்டும் பாட்டில் திரும்பி வந்துவிடாது. பல இடங்களின் அனுபவத்தைப் படித்தபோது ஐந்து விஷயங்கள் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது.

முதலாவது, தொகை. குனிந்து எடுக்கத் தூண்டும் அளவுக்கு அது இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் 1971-ஆம் ஆண்டு பாட்டில் சட்டம் இயற்றி, டெபாசிட்டை 5 சென்ட் என்று வைத்தது. ஆண்டுகள் உருண்டன, விலைவாசி ஏறியது, 5 சென்ட் மட்டும் அப்படியே நின்றது. 2016-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 64 பாட்டில்களே திரும்பின. 2017 ஏப்ரலில் தொகையை 10 சென்டாக உயர்த்தினார்கள். விரைவில் நூற்றுக்கு 80-ஐத் தாண்டிவிட்டது. தொகையை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாகாது என்பது இதிலுள்ள பாடம். கேரளத்தில் 2025-ஆம் ஆண்டு மதுப் பாட்டில்களுக்கு இப்படி ஒரு முயற்சியைத் தொடங்கியபோது 20 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்காகத் தொகையை மிகவும் ஏற்றிவிட்டால், கையில் காசு குறைவாக உள்ளவர் தாகத்துக்கு ஒரு சோடா வாங்கவும் யோசிப்பார்.

இரண்டாவது, திருப்பித் தரும் இடம். வாங்குவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திருப்பித் தரவும் முடிய வேண்டும். ஜெர்மனியில் 2003-ஆம் ஆண்டு ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கு டெபாசிட் வந்தது. முதலில் சில கடைகள் தங்கள் கடைப் பாட்டில்களை மட்டுமே வாங்கின; மக்கள் அலைந்தார்கள். 2006-ஆம் ஆண்டு விதியைத் திருத்தினார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பானம் விற்கும் பெரிய கடை, எங்கே வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலையும் திரும்பப் பெற வேண்டும். இன்று அங்கே 25 சென்ட் டெபாசிட் உள்ள பாட்டில்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 98 திரும்பி வருகின்றன. தேவகோட்டையில் வாங்கிய பாட்டிலைக் காரைக்குடியில் கொடுக்க முடியாவிட்டால், அது இரண்டு ஊருக்கும் நடுவில் பேருந்து சன்னல் வழியாகத்தான் விழும்.

மூன்றாவது, அடையாளம். டெபாசிட் கட்டாத பாட்டிலுக்கு யாரும் காசு கேட்கக் கூடாது. ஒரே பாட்டிலுக்கு இருமுறை காசு போகவும் கூடாது. நீலகிரியில் மட்டும் திட்டம் இருந்தபோது, சமவெளியிலிருந்தோ பக்கத்து மாநிலத்திலிருந்தோ மூட்டையாகப் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்கத்தான் பாட்டில்களில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. எங்கள் சோடாக் கடையில்கூட ஒரு மாணவி வெளியிலிருந்து இரண்டு பாட்டில்கள் கொண்டு வந்தாள். நாங்கள் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்ததால் அவள் முகம் நூலைவிடச் சிவந்துவிட்டது.

நான்காவது, பாட்டிலை வாங்கி வைப்பவரின் உழைப்பு. நம் மாநிலத் திட்டத்தில் கடைப் பணியாளர்கள், பாட்டில்களை அடுக்க இடமில்லை, எண்ணி வாங்க ஆளில்லை என்று குறை கூறினார்கள். பெற்றோர் விழாவில் இரண்டு மணி நேரம் பாட்டில் வாங்கி வைத்த எனக்கு அவர்கள் சொல்வது நன்றாகப் புரிகிறது. கையெல்லாம் பிசுபிசுக்கும், ஈ மொய்க்கும், இடுப்பு வலிக்கும். நார்வே போன்ற நாடுகளில் திரும்பப் பெறும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கடைக்கு ஒரு சிறு கூலி தருகிறார்கள். கூலியில்லாத வேலை அதிக நாள் ஓடாது.

ஐந்தாவது, மீதிக் காசு. சிஸ்டர் எங்களிடம் கேட்ட கேள்வி இதுதான். திரும்பி வராத பாட்டில்களின் டெபாசிட் ஒரு பள்ளிக் கடையில் 20 ரூபாய். ஒரு மாநிலத்தில் அது மலைபோல் குவியும். அந்தப் பணம் விற்றவருக்கே போகுமானால், பாட்டில் திரும்பி வராமலிருப்பதே அவருக்கு இலாபமாகிவிடும்! பிறகு அவர் ஏன் அக்கறையோடு வாங்குவார்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இந்த மீதிப் பணத்தில் முக்கால் பங்கு சுற்றுச்சூழல் பணிகளுக்கும், கால் பங்கு கடைக்காரர்களுக்கும் செல்கிறது. நார்வேயில் பாட்டில்கள் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாகத் திரும்புகின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு உற்பத்தியாளரின் வரி குறையும். நூற்றுக்கு 95-ஐ எட்டினால் அந்த வரியே இல்லை. எங்கள் 20 ரூபாயை, பாட்டில்களை இழந்த சோடாக் கடைக்காரரிடமே கொடுத்தோம். எங்கள் கடையில் பாட்டிலை இழந்தவரும் அவரே, அதைத் திரும்பப் பெறப் பாடுபட்டவர்கள் நாங்களே. ஆகவே அதில் தவறில்லை. பெரிய திட்டத்தில் அந்தக் கணக்கை ஊரறியச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

சாக்குப் பைப் பாட்டி

எங்கள் தெருவுக்கு விடியற்காலையில் ஒரு பாட்டி சாக்குப் பையுடன் வருவார்கள். பாட்டில், அட்டை, தகரம் ஆகியவற்றைப் பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் போடுவார்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அவர்களுக்குக் கிடைப்பது சில பைசாக்களே. டெபாசிட் முறை வந்தால் அதே பாட்டில் அவர்கள் கையில் பத்து ரூபாய்! ஜெர்மனியில் பலர் டெபாசிட் உள்ள பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் அதன் அருகில் வைத்துவிட்டுப் போவார்களாம். வறியவர் ஒருவர் தொட்டிக்குள் கைவிடாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. அந்தப் பாட்டிக்கு இதுவரை நான் ஒரு காலை வணக்கம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று. கடைக்காரர், "நீ பொறுக்கி வந்தது, இதற்குக் காசில்லை" என்று அவர்களைத் துரத்தக் கூடாது. பாட்டிலைக் கொண்டுவருபவர் யாராயினும் காசு அவருக்கே என்பது விதியாக இருக்க வேண்டும். பெற்றோர் விழாவில் அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியருக்கும் நாங்கள் பத்துப் பத்து ரூபாய் மறுக்காமல் கொடுத்தோம்.

திரும்பி வந்த பிறகு

பாட்டிலைத் திரும்பப் பெறுவது பாதி வேலைதான். கோலி சோடாப் பாட்டிலைக் கழுவி மீண்டும் நிரப்பலாம். உடைந்த கண்ணாடியையோ ஏறத்தாழ 1,500 டிகிரி வெப்பமுள்ள உலையில் உருக்கித்தான் புதுப் பாட்டிலாக்க வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு அதிகம். பிளாஸ்டிக் பாட்டிலைத் துண்டாக்கிக் கழுவி உருக்கி வேறு பொருளாகச் செய்வார்கள். ஆகவே கழுவி நிரப்புவது முதல் தரம், உருக்கிச் செய்வது இரண்டாம் தரம், கண்மாயில் எறிவது எந்தத் தரமும் அன்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்துவிட்டால் டெபாசிட்டும் வேண்டாம், உலையும் வேண்டாம்.

அன்புத் தோழியரே, பெற்றோர்களே! மாநிலம் முழுவதற்கும் சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் நம் பள்ளி விழாக்களில் எந்தப் பானம் விற்றாலும் பாட்டிலுக்கு டெபாசிட் வாங்குவது நம் கையில் இருக்கிறது. நம் ஊர்க் கோயில் திருவிழாவிலும் பங்குத் திருவிழாவிலும் கடை போடுகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். திருமண வீடுகளில் பந்திக்குப் பந்தி வைக்கும் சிறு தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பதிலாகச் செம்பும் டம்ளரும் வைக்கலாம். நம் செட்டிநாட்டு வீடுகளின் பரணில் அவற்றுக்கா பஞ்சம்?

என் தம்பியின் காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. பெற்றோர் விழாவில் அவனும் ஒரு பன்னீர் சோடா குடித்தான். குடித்து முடித்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்து, "அக்கா, என் பத்து ரூபாய்" என்று கையை நீட்டினான். அவனுக்கு நான் கண்மாயைப் பற்றியோ கண்ணாடியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு, பாட்டிலைப் பெட்டியில் வைத்தேன். அது 97-ஆவது பாட்டில்.